அப்பாவுக்குக் குலுக்கலில் விழுந்த பெட்டகம்

எல்க் ஃபோர்க், மொன்டானா

அன்புள்ள கொரின்,

இங்கே நாங்கள் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் நடக்கமாட்டேன் என்கிறது, வாய் நிற்கமாட்டேன் என்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டி டெல்லாவும் பாஸ்டனில் சுகமாக இருக்க வேண்டும். குளிர் வந்துவிட்டது, குழந்தைக்குக் காதை மூடிவிடு.

துப்பாக்கிகளைப் பூட்டி வைத்தால்தான் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு டெல்லாவைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று நீ போனில் சொன்னாலும் சொன்னாய், வீடு வாஷிங்டன் அரசியல் மேடை மாதிரி ஆகிவிட்டது. உப்பை நகர்த்துங்கள் என்றால்கூட உன் அப்பா, துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை என்கிற அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை ஒப்பிக்கிறார். இன்னைக்குப் பூட்டச் சொல்றவன் நாளைக்குப் பிடுங்க வருவான், அது என் பொண்ணா இருந்தாலும் சரி என்கிறார். கதவுக்குப் பின்னால் ஒன்று, கட்டிலடியில் ஒன்று, மாவு டின்னுக்கு மேலே ஒன்று, திருடன் வந்தால் சட்டென்று எடுக்க வேண்டுமாம். நம் வீட்டில் துப்பாக்கியைத் தவிர திருட என்ன இருக்கிறது, நீயே சொல். பேத்தி தவழ்கிற வயசு, கைக்குக் கிடைத்ததை இழுப்பாள் என்றேன். நாங்கள்லாம் இதுக்கு நடுவுலதான் வளர்ந்தோம் என்றார். உங்க அண்ணன் ரஸ்ஸலுக்கு ஒரு கால்விரல் எங்கே போச்சு என்று கேட்டேன். அது கோடரியால் போனதென்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

அப்புறம்தான் வேடிக்கை. தீயணைப்புத் தொண்டர்கள் வருஷாவருஷம் நடத்துகிற துப்பாக்கிக் குலுக்கலில் இந்த முறையும் சீட்டு வாங்கினார். முதல் பரிசான ரைஃபிள் பாதிரியார் மனைவிக்கு விழுந்தது, பாவம் அவளுக்கு வான்கோழியைக் கண்டாலே பயம். இரண்டாம் பரிசு உன் அப்பாவுக்கு, ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டகம், துப்பாக்கி பூட்டி வைக்கிறது! ஊரே கை தட்டியது. வாழ்க்கையில் ஒரு பரிசும் வாங்காத மனுஷன், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? மறுநாளே எல்லாத் துப்பாக்கியும் உள்ளே போய்விட்டது. யாரும் சொல்லிப் பூட்டல, நானாப் பூட்டினேன் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்.

கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, திறக்கிற எண்ணை என்னையே வைக்கச் சொன்னார். டெல்லாவின் பிறந்த தேதியை வைத்தேன், அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல் ஒரு பிறந்தநாளையும் நினைவு வைத்துக்கொள்ளாத மனுஷன், இதைவிடப் பத்திரமான பூட்டு உண்டா?

மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, எண்ணைக் கேட்டுக் கெஞ்சுவார் என்று காப்பியும் கையுமாகக் காத்திருந்தேன். வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பெட்டகத்திடம் போனார், எண்ணைத் திருப்பினார், ஒரே தடவையில் திறந்துகொண்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். உனக்கு வேற எந்த நம்பர் தோணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை போய்ப் பார்த்தேன்.

சாயங்காலம் மான் இல்லாமல் திரும்பி வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குண்டை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கொரினை வரச் சொல்லு. வந்ததும் நம்பரை அவளே மாத்தட்டும். அவ இங்க இருக்கற வரைக்கும் எனக்குத் தெரியவேண்டாம்."

ஆகவே வந்து சேர். உங்கள் மூவரையும் கடவுள் கண்ணைப்போல் காக்கட்டும். வரும்போது குழந்தையின் கம்பளிக் காலுறையை மறக்காதே. புது எண்ணுக்கு ரொம்ப யோசிக்காதே, என் பிறந்த தேதியையே வைத்துவிடு, அதை மட்டும் அவரால் சாகும்வரை கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு
வழி பார்த்திருக்கும் உன் அம்மா