துரைசாணியின் அளவு ரவிக்கை

சேசு மரி சூசை

வண்டன்மேடு
18-11-1974

அன்புள்ள மகள் அன்னமேரிக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை இன்பமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம், பம்பாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ராத்திரி வேலைக்குப் போயிருக்கிறார், அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறோம், பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

நீ வாங்கித் தந்த தையல் மெஷின் ஓயவே இல்லை மகளே! லயத்துப் பெண்கள் பதினோரு பேர் கிறிஸ்துமஸ் துணியை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், சக்குபள்ளத்திலிருந்துகூட ஒருத்தி ஜீப் ஏறி வந்து, 'ஒன்னய மாதிரி ரவிக்கைக்குக் கை வெட்ட ஒருத்தனுக்கும் தெரியலக்கா' என்றாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ எஸ்டேட் பங்களாத் துரைசாணி கூப்பிட்டு, 'வருசம் பூரா பங்களாத் துணி ஒனக்குத்தான், ஆனா லயத்துக்காரிகளுக்குத் தைக்கிறத விட்டுரணும்' என்றார். அப்பாவோ, 'சரின்னு சொல்லிரு புள்ள, பங்களாவப் பகைச்சா நாளைக்கே என்னைக் காட்டு வேலைக்கு மாத்திருவாங்க' என்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். துரைசாணி ஒரே ரவிக்கையை நாலு தடவை பிரிக்கச் சொல்வார், நம் லயத்து அழகுமலை பெண்டாட்டி போட்ட உடனே நம் வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். எனக்கு அந்தச் சுற்றுதான் வேண்டும். அளவு ரவிக்கை நம் பெட்டியில் கிடந்தால் அவர்கள் நம் வாடிக்கை, திருப்பிக் கொடுத்தால் இனித் தைக்கமாட்டேன் என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. இன்று காலை துரைசாணியின் அளவு ரவிக்கையைத் துவைத்து மடித்து இன்பத்திடம் கொடுத்து பங்களாவுக்கு அனுப்பிவிட்டேன்! அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ ராத்திரி டூட்டியில் வெறும் வயிற்றோடு நிற்காதே, செபமாலையை மறக்காதே.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்
அம்மா, இருதயம்மாள்

அக்கா, அம்மா தூங்கிவிட்டார்கள், இது நானாக எழுதுவது. ரவிக்கையை நான் கொடுக்கவில்லை. பங்களா கேட்வரை போனேன், துரைசாணி வராந்தாவில் நின்றார், அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது, அப்படியே திரும்பிவிட்டேன். என் பையில் கணக்கு நோட்டுக்கு அடியில் இருக்கிறது. 'அனுப்பிவிட்டேன்' என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோது தாளில் மை சிந்திவிட்டது, ஆனாலும் அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் முதலில் பங்களா, அப்புறம்தான் தபால் பெட்டி. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் நான் கொடுத்துவிட்டேன் அக்கா.