இரண்டாம் முறை எடுத்த இரத்தம்

என்னோடு கூடப்பிறக்காத என் அன்ரனி அண்ணாவுக்கு,

வருகிற ஞாயிறோடு நீங்கள் போய் ஒரு வருடம். பாமன்கடையில் நம்முடைய மிருக வைத்தியக் கிளினிக் அப்படியேதான் இருக்கிறது. சந்தியில் நின்ற சோதனைச்சாவடி மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறது. நாய் பூனை பிடிக்க உங்களுக்குப் பிறகு இரண்டு பேரை எடுத்துப் பார்த்தோம். இரண்டு பேரும் முதற் கடியோடு நின்றுவிட்டார்கள்.

இன்றைக்கு ஒரு பூனை வந்தது. வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கிற ஹாஜியாருடையது. துவாயால் சுற்றி, முழங்கையால் அமத்திக்கொண்டு, முன்னங்காலில் மயிரை வழித்து, நானே நரம்பைத் தேடினேன். இரத்தம் எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் குத்த. நீங்கள் பெருவிரலால் மேலே ஒரு அமத்து அமத்தினால் நரம்பு தானாக எழும்பி வருமே! எனக்கு மூன்று தரம் குத்தவேண்டி வந்தது. பூனை என் கையைக் கீறிப்போட்டது. அதைக் குறைசொல்ல முடியாது.

"அன்ரனி இரிந்தா பூன மூச்சுக் காட்டாது டொக்டர்" என்றார் ஹாஜியார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

அழுதேன் என்று யாருக்குச் சொல்வது? யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடக்கிறது. அம்மாவின் கடிதம் வந்துசேர ஒரு மாதம். வெள்ளவத்தை அறையில் வீட்டுக்காரம்மா என்னோடு கதைப்பது தண்ணீர்க் குழாயைப் பூட்டச் சொல்வதற்கு மட்டும்தான். கிழமையில் ஒரு நாள்தான் எனக்கு வீடு இருக்கிறது, அது கொட்டாஞ்சேனையில் உங்கள் வீடு. நீங்கள் போன பிறகு ஸ்ரெல்லா அக்காதான் கூப்பிட்டா. "நீர் அவருக்குத் தங்கச்சி எண்டா எனக்கு மச்சாள்தானே. ஞாயிறிலை இஞ்சை வந்து சாப்பிடும்." அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் நான் தவறவிட்டதில்லை.

போன ஞாயிறு மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டா. "அவற்றை வருசப் பூசைக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வருவினம். இரத்தத்தை ஒருக்கா லாப்பிலை கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்த மனிசன் அண்டைக்கு ஏன் திரும்பவும் போனவர்? கடைசியாக் கண்டது நீர்தானே, நீர் சொல்லும்."

"லாப்காரர் பழுதாக்கிப் போட்டாங்கள் அக்கா" என்றேன். ஒரு வருடமாகச் சொல்லிவருகிற அதே பொய்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஜிம்மி என்ற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். ஈரலும் சிறுநீரகமும் எப்படியென்று பார்க்க இரத்தம் எடுத்தேன். வாடகை அறையில் இருக்கிற தமிழர் பொலிசில் பெயர் பதியவேண்டும், பதினொரு மணிக்குள் வா என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக இரத்தத்தை மெல்ல வழிய விடவேண்டும், இல்லாவிட்டால் இரத்த அணுக்கள் உடைந்துவிடும். படிக்கிற காலத்திலேயே சொல்லித் தருவது. பொலிசுக்குப் போகிற அவசரத்தில் நான் கழற்றாமல் ஊசிக்குள்ளாலேயே பீச்சி அடித்தேன்.

"டொக்டர், ஊசி கழட்டேல்லை" என்றீர்கள்.

"எனக்குத் தெரியும் அண்ணா. நீங்கள் நாயைப் பிடியுங்கோ."

எவ்வளவு திமிர் எனக்கு! நீங்கள் பஸ் ஏறி மருதானை லாப்பில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நான் பொலிசுக்குப் போய் வந்தேன். பிறகு லாப்பிலிருந்து ரெலிபோன். இரத்தம் உடைந்து, மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீரெல்லாம் சிவந்துபோயிற்றாம், புதிதாக எடுத்து அனுப்பவேண்டுமாம். ஜிம்மியின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார். "லாப்பிலை வெயிலுக்குள்ளை வைச்சுப் பழுதாக்கிப் போட்டாங்கள்" என்று கூசாமல் சொன்னேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஓம் ஓம், அங்கை ஒரு ஃபேன்கூட இல்லை" என்றீர்கள். என்னைக் காப்பாற்ற நீங்களும் ஒரு பொய் சொன்னீர்கள்.

இரண்டாம் முறை ஊசியைக் கழற்றித்தான் விட்டேன். நல்ல இரத்தம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போட்டு வாறன் தங்கச்சி" என்றீர்கள். வெடிச்சத்தம் பாமன்கடை வரைக்கும் கேட்டது. ஜிம்மி குரைத்தது. எங்கேயோ என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த நாயைப் பார்த்தேன். வெடித்தது நீங்கள் போன பஸ் என்று பின்னேரம்தான் தெரியவந்தது.

ஜிம்மி இப்போது நன்றாக ஓடித் திரிகிறது. அந்தப் பரிசோதனை முடிவு வராமலே மருந்தைத் தொடங்கினேன், எழும்பிவிட்டது. அப்படியென்றால் அந்த இரண்டாவது குழாய் எதற்கு அண்ணா? ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்று நான் ஏன் சொல்லவில்லை?

குண்டு வைத்தது நானில்லை, தெரியும். ஆனால் உங்களை அந்த பஸ்ஸில் ஏற்றியது என் அவசரமும் என் வாயும். இதை அக்காவுக்குச் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வெட்கம் இல்லை, பயம். அந்த வீட்டுக் கதவும் சாத்தப்பட்டால் கொழும்பில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை வரும். இனி நான் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் கொடுக்கிறேன். அக்கா இதை அச்சில் பார்த்து அறியக்கூடாது, என் வாயால் கேட்கவேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு போட அவ கோப்பையை எடுக்க முதல் சொல்லிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அதுவும் ஒரு களவு. வெளியே போ என்றால் பஸ் ஏறி அறைக்கு வருவேன். எனக்கு ஞாயிறும் மற்ற ஆறு நாளைப் போல ஆகிவிடும். ஆகட்டும்.

என் பிழையை இனி நீங்கள் மூடவேண்டாம் அண்ணா.

உங்கள் தங்கச்சி,
சாந்தி