நடு ரக சிப்செட்டைத்தான் நான் கேட்டேன்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கையும் சுகம், அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, என் முகத்தில் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலம்தானே. போனில் சொன்னால் நடுவில் புகுந்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்ததும் எம்பிராய்டரி டிசைன் நானூறும் அதோடு போனதும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூட பேட்ஜ் மட்டும் மறுபடி வரைய ஒன்பது நாள் ஆனது. அதனால் புதியதில் இரண்டு டிஸ்க், ஒன்று போனாலும் மற்றதில் இருக்கும் என்று முடிவெடுத்தேன். எம்பிராய்டரி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான், பெட்டி சின்னதாகத்தான் இருக்க வேண்டும், டிஸ்க் இரண்டையும் உள்ளே இருக்கும் மதர்போர்டிலேயே செருக வேண்டும். மூன்று வாரம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். போர்டில் எதை எத்தனை செருகலாம் என்று தீர்மானிப்பது அதிலுள்ள சிப்செட். அதில் மேல் ரகம் வேகத்தை முடுக்கி விளையாடுகிறவர்களுக்கு, எனக்குத் தண்டம். கீழ் ரகம் போட்ட சின்ன போர்டில் ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம், யூ.எஸ்.பி. துளையும் குறைவு, என்னிடம் இருப்பதோ நான்கு மெஷின். நடு ரகம்தான் சரி என்று கடையில் எழுதிக் கொடுத்தேன், உன்னிடமும் சொன்னேன். உனக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய், வாங்குமுன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். டிஸ்க்குக்கு ஒரே இடம்! நான் எழுதிக் கொடுத்தது இதில்லையே என்றேன். கம்ப்யூட்டர் பாகங்களைப் பொருத்தித் தரும் பெண் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பையன்தான் போன் பண்ணி மாத்தச் சொன்னாரும்மா, எங்கம்மா ஏதோ வீடியோ பாத்துட்டு எழுதியிருக்காங்க, படம் பாக்கத்தான் வெச்சுக்குவாங்க, இருக்குறதுலயே சாதாரண போர்டா போடுங்கன்னாரு" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். படம் பார்க்கவா? இரண்டு பெண்கள் சம்பளம் வாங்கும் பட்டறையடா இது. உன்னைப் படிக்கவைத்த கதையெல்லாம் இழுக்கமாட்டேன், அது வேறு. ஆனால் என் தொழிலுக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்காமல், என் முதுகுக்குப் பின்னால் தீர்மானிக்க நீ யார்? நல்லெண்ணத்தில்தான் செய்தான் என்று அப்பா உனக்கு வக்காலத்து வாங்கினார், அவருக்கும் கிடைத்தது.

அந்தப் பெண்ணே அங்கேயே போர்டை மாற்றி, இரண்டு டிஸ்க்கையும் போட்டு ஓடவிட்டுக் காட்டினாள். நேற்று முதல் ஆர்டரும் முடிந்தது. ஆனால் அன்று ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள், "நீங்க எழுதினதுதான் சரின்னு அன்னைக்கே தெரியும்மா, அவரு கம்ப்யூட்டர் வேலையில இருக்கேன்னு அதட்டினதால வாய மூடிக்கிட்டேன்." எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது. என்னை மட்டம் தட்டியது போதாதென்று, வேலை தெரிந்தவள் வாயையும் அடைத்திருக்கிறாய்.

குழந்தைக்குச் சளி என்றாயே, தலையை ஈரத்தோடு விடாதே. நீயும் நேரத்துக்குத் தூங்கு. மூவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருங்கள், கோபத்திலும் அதில் குறை வைக்கமாட்டேன். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, முதலில் கடைக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள். பிறகு எனக்குச் செய். சாப்பிட்டாயா என்று அதற்கப்புறம்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா