தூக்கிப் போடும் ஜீப்

செவ்வாய், இரவு.

மரைன் ஹில் சாலையில் ஜீப் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஏழு மாத வயிற்றோடு என் மனைவி மல்லிகா தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். வண்டி குலுங்காதபடி ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 'தூக்கிப் போடுது' என்பதை அங்கிருந்த இந்திக்கார மெக்கானிக்கிடம் என் அரைகுறை இந்தியில், "காடி உட்டாதா ஹை" என்றேன்.

அந்த மெக்கானிக் கல் மாதிரி ஸ்பிரிங் போட்டு வண்டியையே உயர்த்திவிட்டான்! கேட்டால், "உட்டானே கோ ஆப் ஹி போலா" என்கிறான். உயர்த்தச் சொன்னது நானாம்! ஆபீஸ் போகிறவன் காட்டுக்குள் போகிற வண்டியா கேட்பான்? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் வாயா வலிக்கும்?

மல்லிகா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்து, இறங்கிவிட்டாள்.

"நான் பஸ்லயே போய்க்கிறேங்க. பிரசவத்தன்னிக்கு டாக்டர்கிட்ட மட்டும் நீங்க இந்தி பேசிடாதீங்க."