ஆளு இல்லைங்க, பேரு இருக்கு

என் தனக்கொடி அண்ணிக்கு,

நீ பொய்க்காரி. பதினான்கு பேரிடம் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனாய்.

உன் கருமாதியன்றுதான் அது வெளியே வந்தது. பந்தி முடிந்து, உன்னோடு பதினாறு வருஷமாக வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் வந்த பெண்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி யார் போனில் வேலை பேசுவது, யார் எல்லாரையும் கூட்டிப் போவது என்று பேச்சு எழுந்தது. சரசக்கா தொண்டையைச் செருமினாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். 'நான் இல்லாட்டி நீதான் கூட்டத்தப் பாத்துக்கணும், வேற யாரையும் நம்ப முடியாது'ன்னு தனம் எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கு."

அஞ்சலை அத்தை மெல்லுவதை நிறுத்தினாள். "ஒங்கிட்டயா? எங்கிட்டல்ல சொன்னா. வாலிகண்டபுரம் கோயிலு வாசல்ல வச்சு சொன்னா."

"எனக்கு பஸ்ஸுல சொன்னுச்சு" என்றாள் பாப்பாத்தி. "யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சொன்னுச்சு."

பதினான்கு பேரும் மூச்சு விடாமல்தான் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லா முகமும் சுண்டியது. பிறகு அஞ்சலை அத்தைதான் ஆரம்பித்தாள். "செத்தும் நம்மள வச்சு வெளையாடுறா பாரு, திருட்டுச் சிறுக்கி." பந்தலே சிரித்தது. சண்டையோ என்று அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

நான் சிரிக்கவில்லை. நீ படுக்கையில் கிடந்தபோதே ஒரு வேன்காரர் நம் தெருவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஊர் ஊராகப் பெண்களை வேனில் அடைத்துக் காட்டு வேலைக்கு அனுப்புகிறவர். "பதினாலு ஆளு. அதுல பத்து தேறும். கெழடுங்க வேணாம்" என்று டீக்கடையில் சொன்னாராம். கூட்டம் உடைந்தால் அஞ்சலை அத்தைக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வேலை போய்விடும். மற்றவர்கள் அவர் கை காட்டும் இடத்துக்கு, அவர் சொல்லும் நேரத்துக்கு ஏற வேண்டும். இந்த நேரத்தில் பதினான்கு தலைவிகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே என்று உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஆளு. அந்த வார்த்தை உனக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்பதாவது படித்தபோது பாப்பாத்தி வெங்காயக் காட்டில் மயங்கி விழுந்தாள். காட்டுக்காரர் உடனே 108-க்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேர் கேட்டார்கள். "பேருங்களா? வேலைக்கு வந்த ஆளுங்க. ஒரு பொம்பள ஆளு." ஏழு வருஷமாக அவர் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். அவர் வீட்டுப் பசுவுக்கு லட்சுமி என்று பேர் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன நீ, சோற்றில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் போன் செய்து "எத்தன ஆளு வருவீங்க?" என்றாலும் நீ ஒரே பதில்தான் சொல்வாய். "ஆளு இல்லைங்க. சரசு வரும், அஞ்சலை வரும், பாப்பாத்தி வரும்..." பதினான்கு பேரும் வரும்வரை நிறுத்த மாட்டாய்.

"ஏம்மா, ரேஷன் கடையில பேரு படிக்கிற மாதிரி படிக்கிற?"

"கேட்டுக்கிட்டே இருங்க, முடிஞ்சிரும்."

புதிதாகக் கூட்டத்துக்கு வருகிறவளிடம் நீ கேட்கும் கேள்வியும் எனக்குத் தெரியும். எதுக்கு வேலைக்கு வர? வயித்துக்குத்தான் என்றால் விட மாட்டாய். "வயிறு எல்லாருக்கும்தான் இருக்கு. ஒனக்கு எதுக்கு?" மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்றாள் சரசக்கா. வூட்ல இருந்தா மருமக மூஞ்சியப் பாக்கணும், அதுக்குத்தான் என்றாள் அஞ்சலை அத்தை. இரண்டையும் நீ ஒரே மரியாதையோடு ஏற்றுக்கொண்டாய்.

உனக்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசினேன். பி.காம். படித்துவிட்டு, பெரம்பலூர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வேலையை விட்டவள் நான். என்னிடம் பேச நிறைய இருந்தது. கருமாதிக்கு மூன்றாம் நாள் எல்லாரையும் நம் வாசலுக்குக் கூப்பிட்டு உரிமை, சுரண்டல், சாதி என்று அரைமணி நேரம் பேசினேன். அத்தனையும் உண்மை. இப்போதும் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க மாட்டேன்.

சரசக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதான் வெண்ணிலா. அஞ்சலைக்கு எந்தக் காலு வலி, சொல்லு பாப்பம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிறவள்.

அந்த நேரத்தில்தான் உன் போன் அடித்தது. ரஞ்சன்குடிப் பக்கத்துக் காட்டுக்காரர். வேன்காரரும் தெருமுனையிலிருந்து வாசலுக்கே வந்துவிட்டார், நாங்கள் என்ன முடிவு செய்கிறோம் என்று பார்க்க. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நாளைக்கு வெங்காயம் புடுங்கணும். பத்து ஆளு அனுப்புமா."

"ஆளு இல்லைங்க" என்றேன். "சரசு வரும், பாப்பாத்தி வரும்..." எட்டுப் பேரைச் சொன்னேன். ஒன்பதாவது பேர் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரிகிறது, பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். நான் அவளை 'பெட்டிக்கடை வீட்டு அக்கா' என்றேதான் கூப்பிட்டிருக்கிறேன். சாதியையும் சுரண்டலையும் பேசிய வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ராசாத்தி" என்றாள் அவள், போனைப் பார்த்து. கோபமாக இல்லை.

அடுத்து இருந்தவள் தன் பேரைச் சொன்னாள். அதற்கு அடுத்தவளும். ஒவ்வொருத்தியாக, எட்டி வந்து, போனுக்குக் குனிந்து. கடைசியில் அஞ்சலை அத்தை: "அஞ்சலைங்க. வலது காலு முட்டி வலி. குனிஞ்சு புடுங்க முடியாது, ஆனா ஒக்காந்து வெங்காயத் தாளு அரிஞ்சன்னா ஒங்க காட்டுல எவளும் எனக்கு ஈடு கெடையாது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சரி சரி, அஞ்சலையையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் வாங்க."

வேன்காரர் விடவில்லை. "வண்டி வேணுமுல்ல? நான் பேசி விடுறேன், நீங்க ஏறுனாப் போதும்" என்றார்.

"எம் பேரு என்னங்க?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

அவர் செருப்பைத் தேடினார்.

அண்ணி, எல்லாம் நன்றாகத்தான் போகிறது. இரண்டு மாதமாக ஒருநாள்கூட வேலை விட்டுப்போகவில்லை. போன் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான் நான். ராசாத்தியக்கா விடியுமுன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறாள். எந்தக் காட்டில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று பாப்பாத்தி சொன்னால் சரியாக இருக்கிறது. யாராவது பேசாமல் வேலை செய்தால் சரசக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நீ சொன்னது பொய்யில்லை என்றும் எல்லாரும் சொல்கிறார்கள். நீ நிஜமாகத் தன்னிடம்தான் அதைச் சொன்னாய் என்று ஒவ்வொருத்தியும் இன்னும் நினைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டும் அண்ணன், லீவு நாளில் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டான். புளி கொஞ்சம் அதிகம். சாப்பிடுகிறோம்.

போன மாதம் சரசக்கா ஒன்பது பேரைப் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், மார்பில் உனக்கு இருந்த மாதிரிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. ஒருத்திக்கும் இல்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பரோட்டா சாப்பிட்டார்கள். கூடப் போன நான் மட்டும் என் பரோட்டாவைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்தேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கூட்டம் யார் வேனிலும் ஏறாது. பதினான்கு பேரும் எதற்காக வேலைக்கு வருகிறார்கள் என்று நானே போய்க் கேட்பேன், பதில் கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் நீயும் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். எட்டு மாதம் அந்தக் கட்டியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெங்காயம் பிடுங்கியிருக்கிறாய். ஊர் வலியெல்லாம் தெரிந்தவள் நீ. உன் வலி யாருக்குத் தெரியும்? பதினான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். அண்ணனையும் கேட்டுவிட்டேன். தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் போகிற அளவுக்கு நாங்கள் உனக்கு யார் அண்ணி? ஒருத்தரிடமாவது சொன்னாயா? சொல்லியிருந்தால், அந்த ஒருத்தர் பேரைச் சொல்லு.

உன் நாத்தனார்,
வெண்ணிலா