உருளையிலா, கூம்பிலா?

நான் தீவனத் தொட்டியோடு பேசுகிறேன் என்று உங்கள் மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லி வருகிறாள். அது உண்மையல்ல. தட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தினமும் காலையில் நீங்கள் செய்துவந்த வேலை. நீங்கள் செய்தபோது அதற்கு மேற்பார்வை என்று பெயர்.

நேற்று மழை சற்று விட்டதும் கோழிப்பண்ணைக்குள் போனேன். ஈரம் பட்ட மக்காச்சோளத் தூளும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை, உங்கள் சட்டையின் வாடை, முகத்தில் அடித்தது. நாலு கால்மேல் நிற்கும் நம் தகரத் தொட்டி அப்படியேதான் இருக்கிறது. மேலே உருளை, கீழே கூம்பு. இரண்டும் ஒரே உயரம். தட்டிப் பார்த்தேன். உருளை முழுக்கக் காலி. தீவனம் கூம்பின் விளிம்போடு நின்றது.

"பாதி இருக்குதும்மா. ரெண்டு நாளைக்கு ஓடும். லோடு நாளன்னிக்கு வந்துரும்" என்றான் மகன்.

"உயரந்தான் பாதி. தீவனம் கால்வாசி. ஒரு நாளைக்குத்தான் வரும்."

"ஆரம்பிச்சிட்டீங்களா கணக்கை! இந்த மழையில சேத்து வாங்கி வெச்சுப் பூஞ்சை புடிச்சா, ஆரு பதில் சொல்றதுங்?"

அவன் பயத்திலும் நியாயம் உண்டு. பூஞ்சைத் தீவனம் கோழியைக் கொன்றுவிடும். ஆனால் ஒரு நாள் பட்டினி போட்டாலும் முட்டை எண்ணிக்கை விழுந்துவிடும். அது நிமிர எத்தனை நாளாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

தொட்டி வந்த புதிதில் நீங்களும் பாதி என்றுதான் சொன்னீர்கள். நான் நாள்காட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வாயும் உயரமும் அளக்கும் படிக்குச் சமமாக வெட்டி, கம்புத் தானியத்தை அதில் நிரப்பிப் படியில் கொட்டினேன். மூன்றாவது தடவைதான் படி நிறைந்தது: உருளைக்கு மூன்று பங்கு, கூம்புக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் நம்பவில்லை. "மறுக்கா ஊத்து அம்மிணி. கான்வென்ட்டுல கண்கட்டு வித்தையும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றீர்கள். பிறகு நீங்களே ஊற்றிப் பார்த்துவிட்டு, "அட, இந்தக் கூம்பு சரியான கஞ்சப் பயலா இருக்குதே!" என்று சிரித்தீர்கள்.

உங்கள் கடைசி நாட்களில், சேலம் மருத்துவமனையில், உடம்பில் இன்னும் பாதித் தெம்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் வெளியே போனதும் நீங்கள் என் கையைப் பிடித்து, "பாதிங்கறாரு. உருளையிலயா, கூம்புலயான்னு கேளு" என்றீர்கள். நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்றும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மகனிடம் சொல்லாமல் தீவன ஆலைக்கு நானே போன் செய்து, லோடை இன்றைக்கே அனுப்பச் சொன்னேன். இரவெல்லாம் மனதுக்குள் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் லாரி வந்து நின்றதும் மகன் முகம் சிவந்துவிட்டது. ஈர ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து குனிந்து பார்த்தான்.

"அம்மா... அடித்தகரம் தெரியுதுங்."

லாரி டிரைவர் சிரித்தார். "பெரியம்மா சொல்லலீன்னா இன்னைக்குக் கோழியெல்லாம் உண்ணாவிரதமுங்க!"

இறங்கி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலேயே, "இனிமே லோடு எப்பன்னு நீங்களே சொல்லிருங்கம்மா" என்றான். எல்லோர் எதிரிலும் தலையை ஆட்டிவிட்டேன்.

கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: தட்டும்போது காலிக்கும் நிறைவுக்கும் உள்ள சத்த வித்தியாசம் இப்போது என் மந்தக் காதுக்குக் கேட்பதில்லை. தகரத்தில் உள்ளங்கையை வைத்து, அதிர்வதையும் அதிராததையும் கொண்டுதான் சொன்னேன். நேற்று அது சரியாகிவிட்டது. நாளைக்கு? அத்தனை வாயில்லா உயிர்களும் இனி இந்தக் கையை நம்பியிருக்கின்றன.

நீங்கள் காதால் கேட்டீர்களா, கையால் உணர்ந்தீர்களா? நான் உங்களைக் கேட்டதேயில்லை. கையை மட்டும் நம்பலாமா என்று தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.