ஹாஜிரா பீ போட்ட ஃபார்முலா

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நான் கம்ப்யூட்டர் பார்க்கும் தி.நகர் துணிக்கடையில், ஸ்டாக் கணக்கை எக்செல்லில் போடத் தெரியாதவர்களுக்கு வேலையில்லை என்றார் முதலாளி. கவுண்டரில் இருக்கும் ஹாஜிரா பீ அக்காவுக்கு மவுஸ் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். அவரோ கால்குலேட்டரில் கூட்டி, விடையை எக்செல்லில் டைப் அடித்தார். ஃபார்முலா போட்டால் எக்செல்லே கூட்டிவிடுமே என்று கத்திவிட்டேன்.

"இன்னாத்துக்கு நைனா கத்துறே? இது தப்பா கூட்டி வெச்சா என் வேலை பூடுமே!"

இரண்டிலும் போட்டு ஒத்துப்பாருங்கள் என்றேன். பார்த்தபிறகுதான் நம்பினார். நேற்று முதலாளி எதிரிலேயே ஃபார்முலா போட்டுக் கணக்கை முடித்தார். வேலை தப்பியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அத்தா வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள், மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளி வருகிறார், முடிக்கிறேன். காலையிலிருந்து அக்கா என்னை ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

உங்கள்
ஃபராஸ்